ஸ்கார்பரோவில் ஐந்து பேர், செந்தூலில் ஒரு குடும்பம்

கேள்வி: நான் மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் தமிழாசிரியை. தோழியர் ஆறு பேருடன் சேர்ந்து, வார இறுதிகளில் யூஎன் கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அடையாள அட்டை) வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அவர்களில் இருவர் 2013-இல் வவுனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. தாயாரின் தம்பி கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறார். நண்பர்களைச் சேர்த்து ஐந்து பேர் குழுவாக இவர்களை ஸ்பான்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்றுக் கனடாவுக்கு வரவழைக்க விரும்புகிறார். அந்தக் குழுவில் நாங்களும் சேர முடியுமா? 15,000 ரிங்கிட் திரட்டி வைத்திருக்கிறோம். அதை அவருக்கு அனுப்பலாமா? 12,000 ரிங்கிட் கொடுத்தால் ஆறே மாதத்தில் ஸ்பான்சர் கடிதம் வாங்கித் தருவதாக இங்கே ஒருவர் சொல்கிறார், அவரை நம்பலாமா? இன்னொன்றும் உண்டு. அந்தத் தாயாரின் முதல் கணவர் 2009-இல் காணாமற்போனவர். அவருக்குப் பிறந்த 17 வயது மகன் ஊரில் பாட்டியுடன் வளர்கிறான். யூஎன் அலுவலகத்தில் பதிந்தபோது அவனைப் பற்றி இவர் சொல்லவில்லை. இப்போது சொன்னால் எல்லாம் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கடைசியாக, சற்றுத் தயங்கி எழுதிய கேள்வியையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பணமோ காலமோதான் போகும். இதில் தவறினால் ஒரு தாயும் மகனும் ஒருவரை ஒருவர் இழக்க நேரும்.

அந்த மகனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கனடாவின் குடிநுழைவு விதிகளின்படி, விண்ணப்பிக்கும் அகதி தம்முடன் வருபவர், வராதவர் என்ற வேறுபாடின்றிக் கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிட்டிருந்தால், முதலில் போகும் குடும்பம் அங்கே சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், பின்தங்கிய பிள்ளையை அதே விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக வரவழைத்துக்கொள்ள வழி இருக்கிறது. குறிப்பிடாமல் மறைத்துவிட்டால், பிற்காலத்தில் அந்தத் தாயார் கனடாவின் நிரந்தரவாசியாகிச் சொந்த உழைப்பில் மகனை அழைக்க முற்படும்போது, 'முன்பு எங்களிடம் சொல்லப்படாதவர்' என்ற ஒரே காரணத்தால் அவன் குடும்ப உறுப்பினர் என்ற வகையிலிருந்தே நீக்கப்படுவான். இந்த விதியால் பிரிந்துபோன குடும்பங்களுக்காக 2019-இல் ஒரு தற்காலிகச் சலுகை அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் தற்காலிகச் சலுகையை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

வயதுக் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. 2017 அக்டோபர் முதல், 22 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளையையே சார்ந்திருக்கும் பிள்ளையாகக் கனடா கருதுகிறது. அந்த வயது, முறையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளோடு நிலைநிறுத்தப்படும். பின்னர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் மாறாது. இன்று 17 வயதாக இருக்கும் அவன் பெயர் விண்ணப்பத்தில் இருந்தால், காத்திருப்பு நீண்டாலும் அவன் பிள்ளையாகவே கணக்கில் இருப்பான். பெயர் இல்லாவிட்டால், குடும்பம் போய்ச் சேரும் வேளையில் அவன் 22 வயதைக் கடந்திருக்கக்கூடும்.

அந்தத் தாயார் ஏன் மறைத்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் இத்தகைய கோப்புகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பொய் சொல்லும் எண்ணத்தில் பிள்ளையை மறைத்தவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒருமுறை, பழைய மைலோ டின் ஒன்றில் தம் குடும்பத்துத் தாள்களையெல்லாம் சுருட்டி வைத்திருந்த ஒரு பெண்மணி, ஒவ்வொன்றாக மேசைமீது விரித்துக் கையால் நீவிக் காட்டிக்கொண்டே வந்தார். அடியில் கிடந்த ஒரு தாளை மட்டும் எடுக்காமல் மூடியைப் போட்டுவிட்டார். அது அவருடைய முதல் திருமணப் பதிவுச் சான்று. அதைக் காட்டினால், 'அவர் இப்போது எங்கே?' என்று கேட்பார்கள். 'இறந்துவிட்டார்' என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் தானே கொன்றதுபோல் ஆகிவிடும் என்றார். 'உயிரோடு இருக்கிறார்' என்றால் இரண்டாம் திருமணம் என்னவாகும்? பதில் சொல்ல முடியாத அந்த இடத்தைத் தாண்ட, அந்தக் கணவரோடு அவருக்குப் பிறந்த பிள்ளையையும் சேர்த்தே விழுங்கிவிட்டார். உங்கள் மாணவர்களின் தாயாருக்கும் இப்படியொன்று நேர்ந்திருக்கலாம். ஆகவே அவரிடம் பேசும்போது, 'ஏன் மறைத்தீர்கள்?' என்று தொடங்காதீர்கள். மகனுடைய பெயர் என்ன, எத்தனையாம் வகுப்பு படிக்கிறான் என்று தொடங்குங்கள்.

சட்டப்படி இதற்கு வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காகவே, காணாமற்போனவர் பற்றிய சான்றிதழ் என்ற ஓர் ஏற்பாட்டை இலங்கை 2016-இல் சட்டமாக்கியது. கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையொப்பமிடாமலேயே, அவர் இல்லை என்பதை நிறுவ அது உதவும். இரண்டாம் திருமணத்தின் சட்ட நிலையை அது தானாகத் தீர்த்துவிடாது. எனினும் நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கும். ஊரிலுள்ள பாட்டியிடம், அந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் பையனின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் இப்போதே தேடச் சொல்லுங்கள். அதற்கு முன்பே, தாயார் யூஎன் அலுவலகத்துக்குத் தம் குடும்ப விவரத்தில் திருத்தம் வேண்டும் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாமாக முன்வந்து சொல்லும் திருத்தத்துக்கும், நேர்காணலில் அதிகாரி கண்டுபிடிக்கும் முரண்பாட்டுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. கனடாவுக்குப் போகும் படிவத்தில் நால்வர் பெயரோடு ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்து, யூஎன் பதிவில் நால்வர் மட்டும் இருந்தால், அதிகாரி இரண்டையுமே சந்தேகிப்பார்.

இனி ஸ்பான்சர் குழுவைப் பற்றிப் பார்ப்போம். தனியார் முயற்சியாக அகதிகளை வரவேற்கும் இந்த ஏற்பாட்டைக் கனடா 1970-களின் இறுதியில் தொடங்கியது. அதன் தொடக்கக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. வியட்னாமிலிருந்து படகேறி வந்தவர்கள், திரெங்கானு கடலில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட பூலாவ் பிடோங் தீவில் பத்தாயிரக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடந்த 1979-ஆம் ஆண்டில், கனடாவின் சிற்றூர்களில் தேவாலயச் சபையினரும் அண்டை வீட்டாரும் குழு குழுவாகச் சேர்ந்து, முகம் தெரியாத குடும்பங்களுக்கு வீடும் குளிருக்குக் கம்பளிச் சட்டையும் தயார்செய்து காத்திருந்தார்கள். 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் கனடா ஏற்ற இந்தோசீன அகதிகள் ஏறக்குறைய 60,000 பேர்; அவர்களில் பாதிக்கும் மேலானோர் இத்தகைய குழுக்களின் பொறுப்பில் போனவர்கள். அன்று தொடங்கி இன்றுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வழியில் சென்று குடியேறியிருக்கிறார்கள்.

அந்த வழியில் மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று, உங்கள் மாணவர்களின் மாமா சொல்லும் ஐவர் குழு. இரண்டாவது, ஓர் ஊரின் அமைப்போ சங்கமோ ஸ்பான்சராக நிற்பது. மூன்றாவது, அரசோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டுள்ள பெரிய அமைப்புகள் வழியாகப் போவது. ஐவர் குழுவில் சேர்பவர்கள் 18 வயது நிரம்பிய கனடியக் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருப்பதோடு, அகதிகள் குடியேறப்போகும் ஊரிலேயே வசிக்கவும் வேண்டும். ஆகவே நீங்களும் உங்கள் தோழியரும் அந்தக் குழுவில் உறுப்பினராக முடியாது. விமான நிலையத்துக்கு வருவது, வாடகை வீடு பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் கூட்டிச் செல்வது, வங்கியில் கணக்குத் திறக்க உடன்போவது என்று வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு அருகில் இருந்து செய்யும் வேலை அது என்பதால், இந்த நிபந்தனை நியாயமானதே.

ஐவர் குழுவுக்கு வேறொரு கட்டாயமும் இருக்கிறது. அவர்கள் ஸ்பான்சர் செய்யும் குடும்பம் அகதியென்று யூஎன் அமைப்பாலோ ஓர் அரசாலோ ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடாததால், அகதிகளை அங்கீகரிக்கும் அரசு நடைமுறை இங்கே இல்லை. யூஎன் முடிவு ஒன்றே ஆதாரம். அவர்களிடம் இருக்கும் ஆவணத்தில் 'அகதி' என்று இருக்கிறதா, 'அடைக்கலம் கோருபவர்' என்று இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். பின்னது மட்டும் இருந்தால் ஐவர் குழுவின் விண்ணப்பம் ஏற்கப்படாது.

அடுத்துச் சொல்லவிருப்பது வருத்தமான செய்தி. மாமாவுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்துவிட்டதால், 2024 நவம்பர் 29 முதல் ஐவர் குழுக்களிடமிருந்தும் ஊர் அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பங்கள் பெறுவதைக் கனடா அரசு நிறுத்திவைத்தது. முதலில் 2025 டிசம்பர் 31 வரை என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் இத்தகைய தடைகள் நீளும் இயல்புடையவை. ஆகவே வாசல் திறந்திருக்கிறதா என்பதை யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாமல், அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அறிவிப்பை நேரில் படித்து உறுதிசெய்துகொள்ளும்படி மாமாவிடம் சொல்லுங்கள். ஐவர் குழு வாசல் மூடியிருக்கும்போது, மூன்றாவது வாசலாகிய ஒப்பந்த அமைப்புகளை அவர் நாடலாம். அவற்றுக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு, வரிசையும் நீளமானது. ஆயினும் சில அமைப்புகள், உள்ளூர் உறவினர்களையும் இணை ஸ்பான்சராகச் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பத்தை ஏற்கின்றன. டொரொன்டோ பகுதியில் அத்தகைய அமைப்புகள் பல இயங்குகின்றன. தமிழ் அமைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமயம் வேறாக இருப்பதையும் ஒரு தடையாகக் கருத வேண்டாம்.

இன்னும் சிலர் உங்களிடம் வேறு நாடுகளின் பெயரைச் சொல்லக்கூடும். அமெரிக்காவில் 2023-இல் இதே போன்று ஐவர் குழுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 2025 ஜனவரியில் அகதிகள் வருகையே நிறுத்தப்பட்டபோது அதுவும் நின்றுபோனது. ஆஸ்திரேலியாவில் 2022-இல் தொடங்கிய குழுத் திட்டத்தில், எந்தக் குடும்பம் என்பதைக் குழுவினர் தேர்ந்தெடுக்க முடியாது. மாமா இருக்கும் இடம் கனடா. மனத்தை அங்கேயே வைத்திருங்கள்.

பன்னிரண்டாயிரம் ரிங்கிட் கேட்பவரைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. கொடுக்க வேண்டாம். அகதியாக விண்ணப்பிப்பவரிடம் கனடா அரசு விண்ணப்பக் கட்டணம் பெறுவதில்லை. யூஎன் அமைப்பின் சேவைகள் அனைத்தும் இலவசம். ஸ்பான்சர் செய்வதற்குக் கைமாறாக அகதியிடமிருந்து முன்கூட்டியோ பின்னரோ பணம் பெறுவதை விதிகளே தடைசெய்கின்றன. அப்படிப் பெற்றது தெரியவந்தால் விண்ணப்பமே பாழாகும். ஆறு மாதம் என்று அவர் சொல்வதே போதும். இந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடப்பது. இவர் கையில் கொடுக்கப்படும் ஆவணப் பிரதிகள் வேறு எங்கெல்லாம் போகும் என்பதும் தெரியாது. ஏற்கெனவே பிரதிகளைக் கொடுத்திருந்தால், அதை யூஎன் அலுவலகத்தில் முறைகேடு என்று புகாராகப் பதிவுசெய்யுங்கள். அதனால் அந்தக் குடும்பம் தண்டிக்கப்படுமோ என்ற அச்சம் வேண்டாம். ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுப்பது குற்றமாகாது.

நீங்கள் திரட்டிய 15,000 ரிங்கிட்டை ஸ்கார்பரோவுக்கு அனுப்பவும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்பான்சர் குழு காட்ட வேண்டிய தொகை கணிசமானதுதான். பல ஆண்டுகளாக நான் பார்த்த கணக்கில் தனி ஒருவருக்கு 16,500 கனடிய டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,700 டாலர், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் கூடுதல் என்று இருந்தது. ஊரிலுள்ள மகனையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் போட வேண்டும். ஆனால் அது அங்கே இருப்பவர்கள் தங்கள் வருமானத்திலும் நன்கொடையிலும் திரட்டுவது. மலேசியாவிலிருந்து, அதுவும் அந்தக் குடும்பம் வசிக்கும் வட்டாரத்திலிருந்து ஒரு தொகை போய்ச் சேர்ந்தால், அது அகதியே கொடுத்த பணமோ என்ற கேள்வி எழும். அக்கேள்விக்குப் பதில் சொல்லும் சுமையை அந்தக் குடும்பத்தின்மேல் ஏற்றாதீர்கள்.

பணத்துக்கு இங்கேயே வேலை இருக்கிறது. முதலில் ஆவணங்கள். இந்தக் குடும்பத்தின் தாள்களை எடுத்துப் பாருங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால் இருக்கும். யூஎன் பதிவில் அது பின்னால் போயிருக்கும். இங்கே பிறந்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் நம் வழக்கப்படி பெயருக்கு நடுவே 'ஏ/எல்' ('இன்னாரின் மகன்' என்பதன் மலாய்ச் சுருக்கம்) நுழைந்திருக்கும். ஒரே எழுத்தை ஓரிடத்தில் 'ஸிவ' என்றும் இன்னோரிடத்தில் 'ஷிவ' என்றும் ரோமன் எழுத்தில் எழுதியிருப்பார்கள். நம் கண்ணுக்கு ஒரே பெயர். அயல்நாட்டு அதிகாரிக்கு நான்கு ஆட்கள். எல்லா எழுத்துக்கூட்டுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிச் சான்று ஒன்றைச் சத்தியப்பிரமாண ஆணையர் முன் செய்துகொள்ளலாம். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழ்களுக்கு முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். அனைத்தையும் வண்ணப் படிகளாக எடுத்து, ஒன்றை அவர்கள் வீட்டிலும் மற்றொன்றை உங்கள் வீட்டிலும் வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், அது தொலையும் நாளில் எல்லாமே தொலைந்துவிடும்.

யூஎன் கார்டு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். அந்தக் கார்டு நம் நாட்டில் வசிக்கும் உரிமையைத் தருவதில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டம் அகதியையும் ஆவணமற்ற அயல்நாட்டவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆயினும் பிடிபடும் வேளையில் விடுவிக்கக் கோருவதற்கு அதுவே கையிலுள்ள ஒரே ஆதாரம். அரசு மருத்துவமனையில் அயல்நாட்டவர் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதும் அதுவே. 2019 ஆகஸ்டிலிருந்து குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் செல்ல யூஎன் அமைப்புக்கு அனுமதி இல்லை என்பதால், தந்தை ஒரு சோதனையில் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இரவு வேலைக்குப் போகும் வழியில் கார்டின் மூலமும் பிரதியும் அவரிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உங்களையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள்: அவர்களுக்கு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுக்கவோ வேலைக்கு அமர்த்தவோ நினைத்தால், சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவுகள் இருப்பதால், முன்னதாக ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

நேர்காணலுக்கு அவர்களைத் தயார்செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தயார்செய்வது என்றால் பாடம் ஒப்புவிக்க வைப்பது அன்று. யூஎன் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்காகக் கனடா அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. அவர் தாமே விசாரித்து முடிவெடுப்பார். போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது, இன்னும் ஏன் திரும்பிப் போக முடியாது என்பது அவர் கேட்கக்கூடிய முதற்கேள்விகளுள் ஒன்று. அதற்கு, போர்க்காலத்தில் நடந்தது மட்டும் பதிலாகாது. அதற்குப் பின் யார் வந்தார்கள், எதைத் தேடினார்கள், இன்றும் ஊரில் யாரை விசாரிக்கிறார்கள் என்பதை அவரவருக்கு நினைவிருக்கும் அளவில் சொல்ல வேண்டும். தேதி மறந்திருந்தால் மறந்துவிட்டது என்றே சொல்லட்டும். உருக்கமாக இருக்கும் என்று யாரேனும் ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தால், அந்த ஒரு வரியே மற்ற உண்மைகளைச் சாய்த்துவிடும். இதை உங்கள் தோழியரிடமும் வலியுறுத்துங்கள். அன்பு மிகுதியால்தான் பெரும்பாலும் இந்தத் தவறு நடக்கிறது.

எல்லாம் கைகூடினாலும், மருத்துவப் பரிசோதனை, பயண ஏற்பாடு, நம் குடிநுழைவுத் துறையிடம் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி என்று கடைசிக் கட்டங்கள் இருக்கின்றன. இவற்றைப் பெரும்பாலும் அனைத்துலகக் குடிபெயர்வு அமைப்பு ஒழுங்குசெய்யும். விமானச் சீட்டை அவர்களாக வாங்கிவிடக் கூடாது. பயணச் செலவுக்குக் கனடா அரசு கொடுப்பது கடன். 2018-இலிருந்து அதற்கு வட்டி இல்லை, ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை இப்போதே அவர்கள் அறிந்திருக்கட்டும்.

மாமாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். ஐவரும் உறவினராகவோ ஒரே கடையில் வேலை செய்பவர்களாகவோ இருக்க வேண்டாம். ஒருவராவது இந்தக் குடும்பத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவராக இருக்கட்டும். அக்காளுக்குத் தம்பியிடம் சொல்ல முடியாத ஒன்று நேரும்போது, அவரிடம் போய்ச் சொல்லலாம். அக்காளும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே காலடி வைக்கும் நாளிலேயே அவர்கள் நிரந்தரவாசிகள். அந்த உரிமை ஸ்பான்சர்களின் தயவைச் சார்ந்ததன்று. எந்த ஊரில் வாழ்வது, யாரிடம் வேலை செய்வது என்பதை அவர்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில், அடுத்த ஆண்டு தான் எங்கே படிப்பேன் என்று அந்த 14 வயது மகள் கேட்டதாகவும், 'கனடாவில்' என்று உங்கள் தோழி ஒருவர் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டும் செந்தூலில்தான், அனேகமாக அதற்கடுத்த ஆண்டும். அரசுப் பள்ளி அவளை ஏற்காது என்பதால், ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற அனைத்துலக இடைநிலைப் பள்ளித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் அகதிகள் கற்றல் மையம் ஒன்றைத் தேடி, பதினைந்தாயிரத்திலிருந்து முதல் தொகையை அவளுடைய பாடநூலுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் எடுத்து வையுங்கள்.